திறவாத பேரேடு

கொடைக்கானலிலிருந்து வில்பட்டிக்குப் போகும் பாதையிலுள்ள அட்டுவம்பட்டியை, 1984-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாகவே வெளியூரார் பெரும்பாலும் அறிவர். ஆயினும் அப்பகுதியின் நித்திய ஜீவனம் பாடப் புத்தகங்களைக் காட்டிலும் படிவரிசையாக வெட்டப்பட்ட மலைநிலங்களையே சார்ந்தது. காரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் விளையும் அந்நிலங்களுக்கு வேண்டிய விதையையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் குடியானவர் கடனாக வாங்கிச் சென்று, மகசூல் விலைபோன பிறகு பாக்கியைத் தீர்ப்பது மலைநாட்டு வியாபாரத்தில் சகஜம். இத்தகைய ஊரில் ஓர் உரக்கடையை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோமானால், அக்கடையின் மெய்யான சொத்து கிடங்கில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காட்டிலும், யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்லும் பேரேடுதான் என்பது எளிதில் விளங்கும். அந்தப் பேரேடு இக்காலத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகமாக இல்லாமல், கல்லாவுக்கு அருகிலிருக்கும் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்கில் காந்தப் புள்ளிகளாகவோ மின்னேற்றங்களாகவோ குடிகொண்டிருக்கிறது.

ஒரு மாதத்தின் 20-ஆம் தேதி காலை என்று வைத்துக்கொள்வோம். முந்திய இரவு இடியும் மழையுமாக இருந்து, மின்சாரம் இரண்டொரு தடவை போய் வந்திருக்கிறது. மாத வரிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய அன்றே கடைசி நாள். வத்தலக்குண்டிலிருக்கும் ஆடிட்டர் போனுக்கு மேல் போன் செய்துகொண்டிருக்கிறார். கணக்கெழுதுபவர் கணிப்பொறியை இயக்கி, கம்பெனியின் பெயரைத் தேர்ந்து, என்டர் விசையைத் தட்டுகிறார். கணக்கு விரியவேண்டிய திரையில் ஆங்கிலத்தில் ஒற்றை வரிப் பிழைச்செய்தி வந்து நிற்கிறது. "டேட்டா போச்சு" என்ற வார்த்தை அடுத்த நிமிஷமே கடை முழுவதும் பரவிவிடுகிறது. ஆராய்ந்து பார்த்தால் இந்த வார்த்தை அநேகமாகத் தவறானது. இத்தகைய சந்தர்ப்பங்களில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சமமான எண்கள் வட்டில் அப்படியே இருக்கின்றன; அவற்றுள் ஒன்று மற்றொன்றைச் சுட்டும் சம்பந்தம் மாத்திரமே எங்கோ ஓரிடத்தில் குலைந்திருக்கிறது. எண் அழிவதற்கும் எண்களுக்கிடையேயுள்ள இசைவு அழிவதற்கும் உள்ள பேதத்தை உணராதவர்கள், மீட்கக்கூடியதைத் தம் கையாலேயே மீட்கமுடியாததாகச் செய்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் சிறு வியாபாரியின் கணிப்பொறிக் கணக்கு என்றாலே டேலி என்று பொருள்படும்படி வழக்கு அமைந்துவிட்டது. பெங்களூரில் தொழில் நடத்திவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் அகப்படாமல், அதனை எழுதும் பணியைத் தம் குமாரர் பரத் கோயங்காவிடம் ஒப்படைத்ததன் விளைவாக 1986-இல் டேலியை வெளியிடும் நிறுவனம் பிறந்தது. இம்மென்பொருளில் 'கம்பெனி' என்று நாம் ஒருமையில் சொல்வது ஒரே கோப்பு அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 10000, 10001 என்றாற்போல் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் பல கோப்புகள் கூடி வாழ்கின்றன. கம்பெனி, மேனேஜர், டிரான்எம்ஜிஆர், லிங்க்எம்ஜிஆர் என்னும் அவற்றின் பெயர்களே, நிறுவனத்தின் விவரம், லெட்ஜர்கள், அன்றாட வவுச்சர்கள், இவற்றைப் பிணைக்கும் இணைப்புகள் என்ற வேலைப் பிரிவினையை ஒருவாறு குறிப்பிடுகின்றன. இ.ஆர்.பி. 9 பதிப்பில் இக்கோப்புகளின் பெயர் 900 என்ற எண்ணில் முடியும். இவை யாவும் ஒன்றையொன்று ஒத்துச் சாட்சி சொன்னால்தான் கணக்கு திறக்கும்.

'திறக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் மிகச் சாதாரணமானதும் நிரபராதமானதும், மென்பொருள் கோப்பைக் காணவே இல்லை என்பது. விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பின் டேட்டா இருந்த டிரைவின் எழுத்து மாறியிருக்கலாம்; டேட்டா இருக்கும் மற்றொரு கணிப்பொறி அணைந்து கிடக்கலாம்; அல்லது இரண்டு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்தபோது விட்டுப்போன டி.எஸ்.எஃப். என்ற தற்காலிகக் கோப்பு, யாரோ இன்னும் உள்ளே இருப்பதாகப் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம். டேட்டா இருக்கும் பாதையைச் சரியாகக் காட்டினாலும், எல்லாக் கணிப்பொறிகளிலும் மென்பொருளை மூடிவிட்டு அந்தத் தற்காலிகக் கோப்புகளை அப்புறப்படுத்தினாலும் இவ்வகைக் கோளாறு தீர்ந்துவிடும். இதற்காக நிபுணரை மலையேற்றி வரவழைப்பது வீண் செலவு.

இரண்டாவது நிலைமையில் கோப்பு கண்ணில் படுகிறது, ஆனால் அதன் பாஷை புரியவில்லை. கடைக்காரர் தம் டேட்டாவைப் பென்டிரைவில் ஆடிட்டருக்கு அனுப்புகிறார். ஆடிட்டர் அலுவலகத்திலுள்ள புதிய பதிப்பு அதனைத் தன் அமைப்புக்கு மாற்றிக்கொள்கிறது. திரும்பி வந்த பென்டிரைவைக் கடையிலுள்ள பழைய பதிப்பு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மார்ச் மாத முடிவுக்குப் பின் ஊர்தோறும் நிகழும் இச்சம்பவத்தில் டேட்டாவுக்கு யாதொரு சேதமும் இல்லை. கடையின் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். கம்பெனியின் பெயர் நட்சத்திரக் குறிகளாகத் தோன்றினால் விஷயம் வேறு. அது டேலி வால்ட் என்னும் மறைகுறிப் பூட்டு இட்டது. அதன் பாஸ்வேர்டை மறந்தவருக்கு அம்மென்பொருளை எழுதியவர்களாலும் உதவி செய்ய இயலாது.

இங்கே சற்று விலகிச் சென்று ஒன்று சொல்லவேண்டும். அட்டுவம்பட்டிக்கு அண்மையிலேயே, 1899-இல் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில், 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துவந்த கண்ணாடித் தகடுகள் பாதுகாக்கப்பட்டு, பிற்காலத்தில் கணிப்பொறி வடிவத்துக்கும் மாற்றப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நூற்றாண்டுக்கு முந்திய சூரியப் புள்ளியை ஒரு பள்ளிச் சிறுமியும் கண்ணால் கண்டுவிடலாம். கணிப்பொறிக் கோப்புக்கு இந்தச் சௌகரியம் இல்லை. கோப்பைப் படிப்பதற்கு அதன் அமைப்பை அறிந்த ஒரு மென்பொருளும், அம்மென்பொருளை ஓட்டவல்ல ஒரு யந்திரமும் கூடவே உயிரோடிருக்க வேண்டும். பழைய கணக்கைப் பல வருஷங்கள் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள் ஆண்டிறுதியில் லெட்ஜர்களையும் ஐந்தொகையையும் காகிதத்தில் அச்சிட்டு வைப்பதைப் பழமை என்று பரிகசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி மூன்றாவது நிலைமைக்கு வருவோம். நம் உரக்கடையில் நேர்ந்தது இதுவே. கோப்பு அகப்படுகிறது, பாஷையும் புரிகிறது, ஆனால் அது தனக்குத்தானே முரண்படுகிறது. பத்து மூட்டை உரத்தைக் கடனுக்கு விற்றதாக ஒரு பில் போடும்போது என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். வாங்கியவரின் லெட்ஜரில் பற்று ஏறவேண்டும்; விற்பனையிலும் வரியிலும் வரவு ஏறவேண்டும்; கிடங்கின் இருப்பு குறையவேண்டும்; தேதிவாரியாகவும் பெயர்வாரியாகவும் தேடுவதற்குரிய அட்டவணைகளில் புதிய குறிப்பு சேரவேண்டும்; மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையும் ஒன்று கூடவேண்டும். மனிதருக்கு ஒரே காரியமாகத் தோன்றும் இது, வட்டில் வெவ்வேறு ஸ்தானங்களில் நிகழும் பல எழுத்துகளாகப் பிரிகிறது. வட்டு தன் இடத்தை 512 அல்லது 4,096 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகவே கையாளுகிறது. ஒரு துண்டு முழுமையாக எழுதப்படும் என்பதற்கு மேல் அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை. போதாக்குறைக்கு, வேகத்தை உத்தேசித்து, எழுதவேண்டியவற்றை இயக்கு தளம் சில விநாடிகள் நினைவகத்திலேயே நிறுத்திவைக்கிறது. வட்டும் தனக்கென ஒரு சிறு நினைவகத்தில் அவற்றை வாங்கிவைத்து, தனக்குச் சௌகரியமான வரிசையில் எழுதுகிறது. ஆகவே திரையில் பில் முடிந்துவிட்டதாகத் தெரியும் கணத்தில், வட்டில் அது பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கக்கூடும். அந்தக் கணத்தில் மின்சாரம் நின்றால், அட்டவணை சுட்டும் இடத்தில் பதிவு இல்லாமல் போகும். அல்லது பதிவு இருந்து அதனைச் சுட்டுவார் இல்லாமல் போகும். மறுநாள் காலையில் இந்த முரண்பாட்டைக் காணும் மென்பொருள் மேலே செல்ல மறுக்கிறது. இந்த மறுப்பைக் குறை என்று சொல்வது நியாயமாகாது. முரண்பாட்டை விழுங்கிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் கணக்கைத் திறந்து காட்டும் மென்பொருளே அஞ்சத்தக்கது.

மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றால் இவ்விபத்து நேரும்? நம் நாட்டு மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சிகள் உடையது; ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவிநாடி. கணிப்பொறியின் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் ஏறக்குறைய ஒரு சுழற்சி நேரமே தாக்குப்பிடிக்கும். மலைச்சாலையோரத்து மரங்களினூடே செல்லும் மின்கம்பியில் ஒரு கிளை உரசி விலகும் நேரம் இதைவிட அதிகம்; விளக்கு ஒருமுறை சிமிட்டியது என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இடைவெளி, எழுதிக்கொண்டிருக்கும் யந்திரத்துக்குப் போதுமான மரணம். இதற்குப் பரிகாரமாக வைக்கப்படும் யூ.பி.எஸ். பெட்டியில் பச்சை விளக்கு எரிவது பாட்டரிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஈய அமிலப் பாட்டரி சில வருஷங்களில் ஓய்ந்துவிடும். கணக்கை மூடிவைத்துவிட்டு, சுவர் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பதே அதற்குரிய பரிசோதனை.

மலையுச்சியில் வசிப்பவர்களுக்குக் கோளாறுக்கு ஆகாயத்தைக் காரணம் காட்டும் ஆசை உண்டாவது இயல்பே. அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் நியூட்ரான்கள், நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டி, பூஜ்யத்தை ஒன்றாக்கிவிடக்கூடும். 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்னுமிடத்தில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமில்லாத அளவில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அந்த எண் இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு என்பதால் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது என்று தெரிந்து, காஸ்மிக் கதிரின் செயலாகலாம் என ஊகிக்கப்பட்டது. உயரம் ஏற ஏற இக்கதிர்வீச்சு மிகுவதும் உண்மையே. ஆனால் கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஏறத்தாழ 1,700 கோடி எலெக்ட்ரான்-வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுடைய துகள்களைப் பூமியின் காந்தப்புலம் இங்கே வரவிடாமல் திருப்பிவிடுகிறது. இதே உயரத்திலுள்ள வடதேசத்து மலைநகரங்களோடு ஒப்பிட்டால் நம் மலைகள் இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றவை. இடியின் பராக்கிரமமோ வேறு விதம். நீலகிரியில் உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆராய்ச்சிக் கூடத்தினர், 2014 டிசம்பர் 1-ஆம் தேதி தங்கள் தலைக்கு மேலே சென்ற ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று, காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறக்கும் மியூவான் துகள்களைக் கொண்டே கணித்தார்கள். உரக்கடைக் கணிப்பொறியைப் பொறுத்தவரை, தொலைதூர நட்சத்திரங்களைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த மேகத்தையும் அது தாக்கிய மின்கம்பியையும் விசாரிப்பதே முறை.

பிழையைக் கண்டுபிடிக்கும் கலையில் கணிப்பொறிக்கு வெகு காலம் முற்பட்டவர்கள் கணக்கர்களே என்பது என் அபிப்பிராயம். 1494-இல் வெனிஸ் நகரத்தில் அச்சாகி வெளிவந்த லூக்கா பச்சோலியின் நூல் இரட்டைப் பதிவு முறையை உலகறியச் செய்தது. ஒவ்வொரு தொகையையும் இருமுறை, ஒருமுறை பற்றாகவும் ஒருமுறை வரவாகவும் எழுதவேண்டும் என்ற அம்முறையில், இரண்டாவது பதிவு பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றும் பயன்படும் ஒற்றனாக இருக்கிறது. தகவல் விஞ்ஞானத்தில் இதனை மிகைத்தகவல் என்பார்கள். பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ரிச்சர்டு ஹாமிங், வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும் யந்திரம் பிழையைக் கண்டதும் தம் கணக்கைக் கைவிட்டு அடுத்த வேலைக்குத் தாவிவிடுவதைக் கண்டு எரிச்சலுற்று, பிழை உண்டென்று அறியத் தெரிந்த யந்திரத்துக்கு அது இருக்கும் இடத்தையும் அறிந்து திருத்தத் தெரியாதா என்று யோசித்ததன் பயனாக, 1950-இல் தம் பெயரால் வழங்கும் குறியீட்டை வெளியிட்டார். இன்று கோப்புகளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஈற்றில் சேர்க்கப்படும் சரிபார்ப்பு எண்கள் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஆனால் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் இரண்டு பிழைகள் பற்றுவரவுச் சமநிலையை ஏமாற்றிவிடும் என்பதை நம் கணக்கர்கள் அறிவார்கள். எளிய சரிபார்ப்பு எண்ணும் அவ்வாறே ஏமாறும்.

பிழையை அறிவது ஒன்று. குலைந்ததை மறுபடி கட்டுவது மற்றொன்று. இதற்கும் விடை பழைய கடைகளில் இருந்தது. கணக்குப்பிள்ளை நேரே பேரேட்டில் கைவைக்க மாட்டார். நடந்தது நடந்தபடி முதலில் சிட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டு, பிறகு அமைதியாக உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் பெயர்ப்பார். பெயர்க்கும் நடுவில் விளக்கு அணைந்தாலும், பேரேடே நனைந்து கிழிந்தாலும், சிட்டை பத்திரமாக இருக்குமானால் முதலிலிருந்து கட்டிவிடலாம். பெரிய வங்கிகளின் தரவுத்தளங்கள் பின்பற்றுவதும் இந்த ஒழுங்கையே: எந்த மாறுதலையும் அதன் ஸ்தானத்தில் செய்வதற்கு முன், செய்யப்போவதைத் தொடர்குறிப்பில் எழுதி, அக்குறிப்பு வட்டில் நிலைபெற்ற பிறகே மற்றதைத் தொடவேண்டும். இம்முறைக்கு முழுமையான இலக்கணம் வகுத்த ஏரீஸ் என்னும் வழிமுறையை 1992-இல் வெளியிட்ட ஐ.பி.எம். குழுவின் முதல்வர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். யந்திரம் விழித்தெழுந்ததும் தொடர்குறிப்பை ஆராய்வது, அதிலுள்ள யாவற்றையும் நடந்த கிரமத்திலேயே மறுபடி நடத்திப் பார்ப்பது, பிறகு முடிவுபெறாதவற்றை மாத்திரம் பின்னோக்கி அழிப்பது என்ற மூன்று படிகளால் அமைந்தது அது. அரைகுறையாக நின்ற காரியத்தையும் ஒருமுறை முழுவதும் திரும்பச் செய்துவிட்டே பிறகு நீக்கவேண்டும் என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் யந்திரம் விழுந்த கணத்தின் நிலையை அப்படியே மீட்டுக்கொண்டால்தான் எதை நீக்குவது என்பதில் ஐயம் எழாது.

இவ்வளவும் அறிந்தபின் உரக்கடையில் செய்யவேண்டியது தானே புலப்படும். திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் வட்டில் ஏதாவது எழுதக்கூடும். மென்பொருளை மூடிவிட்டு, அந்த எண் பெயருள்ள ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு பென்டிரைவுக்குப் பிரதியெடுத்து, அசலைத் தொடாமல் வைத்துவிட்டு, எல்லாச் சிகிச்சையையும் பிரதியின்மேல் நடத்தவேண்டும். பிரதியெடுக்கும்போதே யந்திரம் தயங்கி நின்றால் நோய் கோப்பில் இல்லை, வட்டிலேயே இருக்கிறது; அப்பொழுது மேலும் இயக்காமல் வட்டு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். பிரதி சுகமாக வந்துவிட்டால், பழைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திச் செய்யும் 'ரீரைட்' என்பதையும், புதிய பதிப்பான டேலிபிரைமில் 'ரிப்பேர்' என்று பெயர்பெற்ற அதே காரியத்தையும் செய்து பார்க்கலாம். இது குலைந்த அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்து இணைப்புகளைப் புதிதாகக் கட்டுகிறது. அதுவும் கைகொடாவிடில் கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறோர் இடத்தில் விரித்து, அதற்குப் பிந்திய நாட்களின் பில்களைக் கையால் ஏற்றவேண்டியதுதான். அந்த பேக்கப் அதே ஹார்டு டிஸ்கின் மற்றொரு மூலையில் இருந்தால் அதற்குப் பேக்கப் என்று பெயர் சொல்வது மரியாதைக்காக மாத்திரமே.

ரிப்பேர் முடிந்து கம்பெனி திறந்து, இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் பொருந்தி நிற்பதைக் கண்டவுடன் கடையில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பொருத்தத்தை நம்பி 3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கூடாது. சீர்ப்படுத்தும் மென்பொருள் வாசிக்க முடியாத வவுச்சரை விட்டுவிடும்போது அதன் பற்றையும் வரவையும் சேர்த்தே விட்டுவிடக்கூடும். ஆகவே ஒரு பில் முழுவதும் மறைந்தாலும் சமநிலை குலையாது. வவுச்சர் எண்களை மென்பொருளே இடும்படி அமைத்திருந்தால், இடைவெளி தெரியாமல் எண்கள் நெருங்கி வந்துவிடவும் கூடும். ஆதலால் கடைசி சில தினங்களின் வவுச்சர்களை, கடையில் தங்கிய பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளோடும், பாங்க் ஸ்டேட்மெண்டோடும், கிடங்கிலே எண்ணிப் பார்த்த மூட்டைகளோடும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். இடி இடித்த மாலையில் கடைசியாகப் போட்ட இரண்டு மூன்று பில்களே பெரும்பாலும் காணாமற் போயிருக்கும். அவற்றை மறுபடி ஏற்றியபின் ஆடிட்டருக்குப் போன் செய்யலாம்.